வழியில் கிடந்த பணமும் வந்து விழுந்த பணமும்

சென்னைக் கோடம்பாக்கத்தில் வசித்துவந்த வாடகைக் கார் டிரைவர் ஒருவர், 2023ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 9ஆம் தேதி பிற்பகல் மூன்று மணி சுமாருக்குத் தம் வண்டியிலேயே சற்றுச் சாய்ந்திருந்தார். அப்போது அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கியில் அவர் பெயரில் உள்ள கணக்கில் ரூபாய் வரவு வைக்கப்பட்டிருப்பதாக அது தெரிவித்தது. தொகை எவ்வளவு என்று பார்த்தார்; ஒன்பதுக்குப் பின் வந்த பூஜ்யங்களை எண்ணி முடிக்க அவரால் இயலவில்லை. அது ரூ. 9,000 கோடி! அதற்கு முந்திய நிமிஷம் வரை அக்கணக்கில் இருந்த இருப்பு ரூ. 105 தான் என்று பத்திரிகைகள் எழுதின.

இத்தொகையின் பருமனை நேயர்கள் உணரவேண்டுமானால் ஒரு கணக்கைச் சொல்லலாம். 1921ஆம் வருஷத்தில் தூத்துக்குடியில் நாடார் பாங்கி என்ற பெயரில் தோன்றி, பின்னர் இப்போதைய பெயரைப் பெற்ற அந்த ஸ்தாபனத்தில், நூறு வருஷங்களாகச் சேர்ந்திருந்த டிபாசிட்டுக்கள் எல்லாம் 2023ஆம் வருஷம் மார்ச் இறுதியில் ஏறக்குறைய ரூ. 47,000 கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த தொகை, ஒரே கணத்தில், ஒரு டிரைவரின் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் முதலில் இதை யாரோ செய்யும் மோசடி என்று எண்ணினார். உண்மையா பொய்யா என்று சோதிப்பதற்காகத் தம் நண்பர் ஒருவருக்கு ரூ. 21,000 அனுப்பிப் பார்த்தார். அது போய்ச் சேர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் பாங்கி மிச்சப் பணம் முழுவதையும் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு தொகை தவறுதலாக வந்துவிட்டது, செலவழிக்க வேண்டாம் என்று பாங்கித் தரப்பிலிருந்து பேசினார்கள். அவர் வக்கீல்களைத் துணைக்கழைத்தார். தியாகராய நகர்க் கிளையில் இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசினார்கள். அந்த 21,000 ரூபாயைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்றும், கார் வாங்கக் கடன் தருவதாகவும் பாங்கி சொன்னதாக அப்போது செய்தி வெளிவந்தது. விஷயம் இவ்வளவில் முடிந்தது.

கோடம்பாக்கம் சினிமாவுக்குப் பேர்போன இடம். ஸ்டூடியோக்கள் பல இன்று ஹோட்டலாகவும் அங்காடியாகவும் அடுக்கு வீடாகவும் மாறிவிட்ட போதிலும், ஏழைக் கதாநாயகனுக்குப் பெட்டி நிறையப் பணம் கிடைக்கும் கதைகளை நாட்டுக்கு உற்பத்தி செய்து கொடுத்த ஊர் அது. ஆகவே ஜனங்கள் இச்செய்தியைச் சினிமாக் கதையைப் போலவே ரசித்தார்கள். ‘நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?’ என்ற கேள்வி டீக்கடைகளில் பல நாட்கள் அடிபட்டது. அதற்கு வந்த பதில்கள்தாம் நம்மை இதை எழுதத் தூண்டுகின்றன. ‘பாங்கியின் தவறுக்கு நாம் ஏன் பொறுப்பாளி? கணக்கில் வந்தது நம்முடையதுதானே!’ என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேரல்ல. இன்னும் சிலர், கோடீசுவரரின் பணமானால் வைத்துக்கொள்ளலாம், ஏழையின் பணமானால் கொடுத்துவிட வேண்டும் என்று நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். இவர்களில் யாரையும் நாம் திருடர் என்று சொல்ல மாட்டோம். பக்கத்து வீட்டுக்காரனின் பத்து ரூபாயைத் தொடாதவர்களே இப்படிப் பேசினார்கள். வந்து விழுந்த பணம் வேறு, எடுத்த பணம் வேறு என்ற ஓர் எண்ணம் நம்மவர் மனத்தில் இருக்கிறது. அந்த எண்ணம் சரிதானா என்பதே கேள்வி.

ஒன்பதாயிரம் கோடி நம்மில் யாருக்கும் வரப்போவதில்லை. ஆனால் கோடம்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு பணப்பை கிடக்கும். ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒரு சங்கிலி காலில் இடறும். கைபேசி வழியாக முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய ஐயாயிரம் ரூபாய் நம் கணக்கில் வந்து நிற்கும். இவை தினந்தோறும் நடப்பவை. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

1837ஆம் வருஷத்தில் மெக்காலேயும் அவருடன் இருந்தவர்களும் தயாரித்த நகலிலிருந்து உருவாகி, 1860ஆம் வருஷத்தில் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆவது பிரிவு இதைப் பற்றியது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2024ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 314ஆவது பிரிவாக அது மறுபிறப்பு எடுத்திருக்கிறது. பழைய சட்டத்தில் இரண்டு வருஷம் வரை காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்றிருந்தது. புதிய சட்டத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாத காவலும் அபராதமும் உண்டு. தண்டனை கடுமையாகியிருக்கிறதே தவிர, குற்றத்தின் இலக்கணம் மாறவில்லை. அந்த இலக்கணத்தை விளக்கச் சட்டம் இயற்றியவர்களே சில உதாரணங்களைக் கொடுத்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் கதைபோல் படிக்கத்தக்க பகுதி அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ராஜபாட்டையில் ஒரு ரூபாய் கிடக்கிறது. யாருடையதென்று தெரியாது. ஒருவன் எடுத்துக்கொள்கிறான். அவன் குற்றவாளியல்ல. அதே ஒருவன், உள்ளே கரன்சி நோட்டு வைத்த கடிதம் ஒன்றைக் கண்டெடுக்கிறான். மேலே உள்ள விலாசத்திலிருந்தும் உள்ளே உள்ள வாசகத்திலிருந்தும் நோட்டு யாருக்குச் சேரவேண்டியது என்று தெரிகிறது. வைத்துக்கொண்டால் குற்றவாளி. மற்றொருவன் ஒரு செக்கைக் கண்டெடுக்கிறான். தொலைத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் எழுதிக் கொடுத்தவர் பெயர் அதிலேயே இருக்கிறது. அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். கேளாமல் வைத்துக்கொண்டால் குற்றவாளி. இன்னொருவன், முன்னே போகிறவர் பணப்பையை நழுவவிடுவதைப் பார்த்து, ஓடிக் கொடுத்துவிடும் நல்லெண்ணத்தோடேயே எடுக்கிறான். சற்று நேரத்தில் மனம் மாறுகிறது. அவனும் குற்றவாளிதான். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உடையவரைத் தேட முயலாமல் உடனே விற்றுவிடுகிறவனும் அப்படியே.

இவ்வுதாரணங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது என்பது விளங்கும். எடுத்தது குற்றமல்ல. பத்திரப்படுத்துவதற்காக எடுப்பது நல்ல காரியம்கூட. உடையவரைத் தேடக்கூடிய வழி கையில் இருந்தும் தேடாமல், அல்லது நியாயமான அளவு தேடி, நியாயமான காலம் காத்திராமல், தன்னுடையதாக்கிக் கொள்வதுதான் குற்றம். எது நியாயமான முயற்சி, எது நியாயமான காலம் என்பது பொருளையும் இடத்தையும் பொறுத்தது. பத்து ரூபாய்க்குப் பறையறைய வேண்டியதில்லை. பத்துப் பவுனுக்கு அவசியம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். கண்டெடுத்தவன் தலையில் சட்டம் வைக்கும் பாரம் ‘தேடு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறோரிடத்தில் இது நமக்குத் தேவைப்படும்.

தவறுதலாகக் கையில் கொடுக்கப்பட்ட பணம் எப்படி? இதில் இங்கிலாந்தின் நீதிபதிகளே திண்டாடியிருக்கிறார்கள். 1885ஆம் வருஷத்தில் ஆஷ்வெல் என்பவர் மேல் நடந்த வழக்கு வக்கீல்களுக்கெல்லாம் தெரிந்தது. அவர் ஒருவரிடம் ஒரு ஷில்லிங் கடன் கேட்டார். கொடுத்தவர் இருட்டில் ஷில்லிங் என்று எண்ணி, அதைப்போல் இருபது மடங்கு மதிப்புள்ள சவரன் ஒன்றைக் கொடுத்துவிட்டார். வாங்கியவருக்கும் அப்போது தெரியாது. பின்னால் தெரிந்தபோது பேசாமல் வைத்துக்கொண்டார். இது திருட்டா? பதினான்கு நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஏழு பேர் ஆம் என்றார்கள். ஏழு பேர் அல்ல என்றார்கள். சமமாகப் பிரிந்ததால் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பே நின்றது. ‘எடுத்தால்தானே திருட்டு? இவன் எடுக்கவில்லையே, அவரல்லவா கொடுத்தார்?’ என்பதே அவர்களைத் தடுத்த சங்கடம். நம் டீக்கடை அன்பர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆகவே அவர்கள் ஏழு ஆங்கில நீதிபதிகளின் கட்சியில் இருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம்! ஆனால் அதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே இந்தியச் சட்டம் இந்தச் சங்கடத்தைத் தாண்டிவிட்டது. பொருள் கைக்கு வந்தபோது மனம் சுத்தமாக இருந்தது என்பது போதாது. பிறருடையது என்று தெரிந்தபின் என்ன செய்தாய் என்றே இங்கே கேட்கப்படும்.

கிரிமினல் சட்டம் ஒரு புறமிருக்க, 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. தவறுதலாக ஒருவருக்குப் பணம் கொடுக்கப்பட்டால் அவர் அதைத் திருப்பித் தரவேண்டும். யாருடைய தவறு, எவ்வளவு கவனக்குறைவு என்ற கேள்விகளுக்கு அதில் இடமேயில்லை. கொடுத்தவர் ஏழையா, பாங்கியா என்ற பேதமும் இல்லை. ஆகவே, ‘கணக்கில் வந்தது நம்முடையது’ என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. இதே அக்கம்பக்கத்தில் 2022ஆம் வருஷம் மே மாத இறுதியில், எச்.டி.எப்.சி. பாங்கியின் தியாகராய நகர்க் கிளையில் சுமார் நூறு கணக்குகளில் தலா ரூ. 13 கோடி தவறுதலாக வரவாயிற்று என்று செய்தி வந்தது. அதற்கும் இதுவே சட்டம்.

கோடம்பாக்கத்து டிரைவர் ரூ. 21,000 அனுப்பியது குற்றமா என்று நம்மைக் கேட்டால், அல்ல என்போம். மேற்சொன்ன பிரிவுக்கு வஞ்சக எண்ணம் வேண்டும். செய்தியே பொய் என்று நம்பிச் சோதித்தவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? அந்தச் சிறு தொகை சிவில் முறையில் திருப்பப்பட வேண்டியதே. பாங்கியே அதை விட்டுக்கொடுத்ததாகச் செய்தி வந்தபின் அதுவும் தீர்ந்தது.

‘பழைய காலத்தில் கிடைத்தவனுக்கே பொருள் என்று இருந்ததே’ என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் எந்தப் பொருள்? சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கிளைக்கதை ஒன்று உண்டு. திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்பவனுடைய சிறுவன், பராசரன் என்னும் வழிப்போக்கன் மகிழ்ந்து கொடுத்த ஆபரணங்களைப் பூண்டு நடந்தான். அதைக் கண்டு பொறாத அரசாங்க உத்தியோகஸ்தர்கள், வார்த்திகன் புதையலைக் கவர்ந்தான் என்று பொய்யாகக் கூறி அவனைச் சிறையில் வைத்துவிட்டார்கள். அவன் மனைவி கதறினாள். கொற்றவை கோயிலின் கதவு திறக்கவில்லை. பாண்டியன் விசாரித்து, தன் அதிகாரிகளின் பிழையை உணர்ந்து, நிலத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, ஊர்களைத் தானம் செய்ததோடு, பிறர் தந்த பொருளாயினும் புதையலாயினும் பெற்றவருக்கே உரியது என்று முரசறைவித்தான். அரசன் உரிமை விட்டுக்கொடுத்தது இங்கே புதையலின் மேல். புதையலுக்கு உடையவன் இறந்து பல காலம் ஆகியிருக்கும். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டமும், உரிமை கொண்டாட ஒருவரும் இல்லாத புதையலில் கண்டவனுக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரருக்கு ஒரு பங்கும் கொடுத்தது. தொலைந்த பொருள் அப்படியல்ல. அதன் உடையவன் உயிரோடு, அநேகமாக அதே தெருவில், கண்ணீரும் கம்பலையுமாகத் தேடிக்கொண்டிருப்பான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

திருவள்ளுவர் வெஃகாமையை இல்லறவியலிலும் கள்ளாமையைத் துறவறவியலிலும் வைத்திருக்கிறார் என்பதையும் இங்கே கவனிக்கத்தக்கது. பிறர் பொருளை விரும்பாதிருத்தல் துறவிக்குரிய பெரிய தவமல்ல. பெண்டு பிள்ளைகளோடு வாழ்கிற சாதாரண மனிதனிடம் எதிர்பார்க்கப்படும் காரியம். அந்த எதிர்பார்ப்பை நம் நகரின் எளிய மக்கள் மெய்ப்பித்தே வருகிறார்கள். 2021ஆம் வருஷம் அக்டோபரில் திருவொற்றியூரில் குப்பையோடு போய்விட்ட 100 கிராம் தங்க நாணயத்தைக் கண்டெடுத்த தூய்மைப் பணியாளரான ஒரு பெண்மணி, அதைப் போலீஸ் மூலம் உடையவரிடம் சேர்த்தார். 2024ஆம் வருஷம் ஜூலையில், கோடம்பாக்கம் மண்டலத்தைச் சேர்ந்த விருகம்பாக்கத்தில், ஐந்து லட்ச ரூபாய் மதிப்புள்ள வைர அட்டிகை ஒன்று வீட்டுக் குப்பையோடு தொட்டிக்குப் போய்விட்டது. பணியாளர்கள் குப்பையைக் கிளறித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பொன்னாடையும் பாராட்டும் வந்தன. நல்லது. ஆனால் இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, நம் பத்திரிகை உலகம் உட்பட, ‘ஏழையாக இருந்தும்’ என்று ஒரு ‘உம்’மைச் சேர்த்துவிடுகிறோம். அந்த ‘உம்’ நமக்கு உறுத்துகிறது. ஏழை என்றால் திருடவேண்டியவன், இவன் விலக்கு என்று சொல்வது போலல்லவா இருக்கிறது? மாளிகைவாசி ஒருவர் கண்டெடுத்த பணத்தைக் கொடுத்தால், ‘பணக்காரராக இருந்தும்’ என்று யாரும் எழுதக் காணோம்.

மனிதர்களைப் பற்றி நாம் கொண்டுள்ள தாழ்ந்த அபிப்பிராயம் தவறு என்பதற்கு ஓர் ஆராய்ச்சியும் இருக்கிறது. இந்தியா உட்பட 40 நாடுகளில் 355 நகரங்களில், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பணப்பைகளைக் ‘கண்டெடுத்தோம்’ என்று சொல்லி ஹோட்டல், பாங்கி, தபாலாபீஸ் முதலிய இடங்களின் சிப்பந்திகளிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 2019ஆம் வருஷத்தில் ‘சயன்ஸ்’ என்ற பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. பணமில்லாத பைகளில் நூற்றுக்கு 40 பைகளுக்கு உடையவருக்குத் தகவல் போயிற்று. பணமிருந்த பைகளில் 51. மூன்று நாடுகளில் தொகையை ஏழு மடங்காக உயர்த்திப் பார்த்தார்கள், 72 ஆயிற்று. பொருளாதார நிபுணர்கள் உள்பட எல்லோரும் தொகை ஏற ஏற நேர்மை இறங்கும் என்றே எண்ணியிருந்தார்கள். நடந்தது தலைகீழ். காலிப் பையைச் சும்மா விடுவது சோம்பல். பணப் பையை வைத்துக்கொள்வது திருட்டு. தன்னைத் தானே திருடன் என்று எண்ணிக்கொள்ள மனிதன் விரும்புவதில்லை என்பது அவர்கள் கொடுத்த விளக்கம்.

பெரிய மனிதர்களின் உலகில் இந்தக் கூச்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க விரும்புவோர் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். 2020ஆம் வருஷம் ஆகஸ்டு 11ஆம் தேதி, ரெவ்லான் என்னும் அழகுப் பொருள் கம்பெனியின் கடன்காரர்களுக்கு எழுபத்தெட்டு லட்சம் டாலர் வட்டி அனுப்பவேண்டிய சிட்டி பாங்கி, தவறுதலாக ஏறக்குறைய தொண்ணூறு கோடி டாலரை அனுப்பிவிட்டது. பாங்கி பதறிக் கேட்டபோது சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கோடிக்கணக்கான டாலர்களைப் புரட்டும் பத்து ஸ்தாபனங்கள், சுமார் ஐம்பது கோடி டாலரை, ‘எங்களுக்கு வரவேண்டிய கடன்தானே, வந்துவிட்டது’ என்று வைத்துக்கொண்டன. 2021ஆம் வருஷம் பிப்ரவரியில் நியூயார்க் கோர்ட்டு அவர்கள் செய்தது சரி என்றது. 2022ஆம் வருஷம் செப்டம்பரில் அப்பீல் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. கடனின் தவணை அப்போது வந்திருக்கவில்லை என்பது முக்கிய காரணம். அந்தப் பத்து ஸ்தாபனங்களையும் யாரும் திருடர் என்று அழைக்கவில்லை. அவர்கள் வாதம் சட்ட வாதமாக மதிக்கப்பட்டு, இரண்டு கோர்ட்டுகளில் ஏறி இறங்கிற்று. அதே வாதத்தைக் கோடம்பாக்கத்து டீக்கடையில் சொன்னால் பேராசை என்கிறோம்!

இப்போது ‘தேடு’ என்ற சொல்லுக்கு வருவோம். ஒருவர் பணத்தைக் கண்டெடுத்தவர் உடையவரைத் தேடவேண்டும் என்றால், உடையவர் மறந்துபோன பணத்தைக் கையில் வைத்திருக்கும் பாங்கியும் தேடவேண்டாமா? பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டிபாசிட்டுக்களை, 2014ஆம் வருஷத்தில் ரிசர்வ் பாங்கி ஏற்படுத்திய நிதி ஒன்றுக்குப் பாங்கிகள் அனுப்பிவிடுகின்றன. 2024ஆம் வருஷம் மார்ச் இறுதியில் அந்த நிதியில் இருந்த தொகை ரூ. 78,213 கோடி! உடையவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கிடைக்கும் என்பது விதி. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். அப்பா ஊருக்கு ஊர் மாற்றலாகிப் போன காலத்தில் எங்கே என்ன கணக்கு வைத்திருந்தார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. கைம்பெண்ணுக்குக் கணவர் சொல்லியிருக்க மாட்டார்.

ரிசர்வ் பாங்கி சும்மா இருந்துவிடவில்லை. 2023ஆம் வருஷம் ஜூன் முதல் தேதி தொடங்கி நூறு நாட்களுக்குள், ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒவ்வொரு பாங்கியும் கேட்பாரற்ற கணக்குகளில் பெரிய நூற்றைத் தேடிப்பிடித்து உடையவரிடம் சேர்க்கவேண்டும் என்று உத்தரவிட்டது. அதன்படி முப்பத்தொரு பெரிய பாங்கிகள் திருப்பிக் கொடுத்தது சுமார் ரூ. 1,432 கோடி. அந்த நூறாவது நாள் எது என்று நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். செப்டம்பர் 8. மறுநாள் பிற்பகலில்தான் கோடம்பாக்கத்து டிரைவருக்குச் செய்தி வந்தது. தன் பணம் போன இடத்தை ஒரு பாங்கி அரை மணியில் கண்டுபிடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜனங்களின் பணத்தை ஜனங்களிடம் சேர்ப்பதற்கு எல்லாப் பாங்கிகளும் சேர்ந்து நூறு நாள் முயன்று, மலையில் ஒரு மூலையைத்தான் கிள்ள முடிந்தது. திறமை இல்லாமலா இப்படி? அக்கறை எந்தப் பக்கம் இருக்கிறதோ, திறமையும் அந்தப் பக்கம் இருக்கிறது.

சாதாரண மனிதன் கை தவறி அனுப்பிய பணத்தின் கதியும் இதுவே. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பணம் வேறொருவருக்குப் போய்விடுகிறது. நீண்ட காலமாகப் பாங்கிகள் எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைத்தன, பெயரைப் பார்க்கவில்லை. இழந்தவர் முறையிட்டால், பெற்றவர் சம்மதமின்றி அவர் கணக்கைத் தொட எங்களால் இயலாது என்ற பதில் வருகிறது. பதில் நியாயமானதே, பிறர் கணக்கில் இஷ்டம்போல் கைவைக்கப் பாங்கிக்கு அதிகாரம் இருக்கக்கூடாதுதான். ஆனால் தன் தவறு என்று வந்தபோது மட்டும் சம்மதம் என்ற பேச்சே எழவில்லை. அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிக்குள் ஏற்படுத்தவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. நல்ல காரியம், பத்து வருஷத்துக்கு முன் செய்திருக்கலாம்.

சர்க்காரும் இதில் தன் பங்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பணப்பையைக் கண்டெடுத்து ஸ்டேஷனில் ஒப்படைப்பவரை நம் நாட்டில் என்ன செய்கிறோம்? பெயர் என்ன, அங்கே ஏன் போனாய், உள்ளே இன்னும் இருந்ததா என்று கேட்கப்படுமோ என்ற அச்சத்திலேயே பலர் பையைத் தொடாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாஜிஸ்திரேட்டு விளம்பரம் செய்து, ஆறு மாதத்துக்குள் உடையவர் வராவிட்டால் பொருள் பெரும்பாலும் சர்க்காரைச் சேர்கிறது. ஜப்பானில் மூன்று மாதம் யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே கிடைக்கும்; உடையவர் வந்தால் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது வரை வெகுமதி தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நேர்மைக்குக் கூலியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கூலியையாவது கொடுக்கவேண்டாமா என்பது நம் கட்சி. அதுவரையில் நேயர்களுக்கு வக்கீல் முறையில் ஒரு யோசனை: ஒப்படைக்கும்போது, பையில் இருந்தவற்றையும் தொகையையும் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துடன் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

பாங்கிகளுக்கும் ஒரு யோசனை உண்டு. 2023ஆம் வருஷம் ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற பெயரில் ரிசர்வ் பாங்கி ஒரு தேடும் வசதியை இன்டர்நெட்டில் திறந்து வைத்தது. 2025ஆம் வருஷம் அக்டோபரில் மத்திய நிதி மந்திரி ‘உங்கள் பணம், உங்கள் உரிமை’ என்றோர் இயக்கத்தையும் தொடங்கினார். இவை இரண்டிலும் தேடும் பாரத்தின் பெரும் பகுதி இழந்தவர் மேலேயே இருக்கிறது; வைத்திருப்பவர் மேல் இல்லை. ஆற்காடு சாலையில் கோடம்பாக்கம் பாலத்திலிருந்து வடபழனி வரையில் எத்தனையோ பாங்கிக் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையும், பத்து வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் தன் கணக்குகளின் சொந்தக்காரர் பெயரையும் பழைய தெருப் பெயரையும், தொகையைச் சொல்லாமல், தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டிவைக்கட்டும். அந்த வட்டாரத்துத் தபால்காரரும், மளிகைக் கடைக்காரரும், பழைய குடித்தனக்காரர்களும் ஒரு வாரத்துக்குள் பாதிப் பேரை அடையாளம் சொல்லிவிடுவார்கள்.